ஏழாம் நம்பர் அடித்த ஹெட்

செங்கதிர் ஹெட் ஒர்க்ஸில் வேலை முடிந்து வெளியே போகிற ஒவ்வொரு சிலிண்டர் ஹெட்டின், அதாவது இன்ஜினின் தலைப்பகுதியின், பக்கவாட்டிலும் ஒரு நம்பர் இருக்கும். எண் செதுக்கிய 'பஞ்ச்' என்ற இரும்புக் குச்சியை வைத்துச் சுத்தியலால் அடிப்பது. அந்த ஹெட்டைச் செய்த ஆளின் நம்பர் அது. நாளைக்கு எண்ணெய் ஒழுகினாலும் வால்வு கருகினாலும் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று தெரிய வேண்டும் அல்லவா? பட்டறை தொடங்கிய காலத்தில் முதலாளி ராமலிங்கம் ஏற்படுத்திய வழக்கம் இது. இதுவரை பதினொரு பேருக்கு நம்பர் கொடுத்திருக்கிறார். வேலையை விட்டுப் போனவரின் நம்பரை இன்னொருவருக்குத் தருவதில்லை. பஞ்ச் பெட்டி அவருடைய மேசை அறைக்குள் பூட்டியிருக்கும். நம்பர் உள்ளவர்கள் கேட்டால் சாவி கிடைக்கும்.

தமிழ்மொழிக்கு நம்பர் இல்லை. மூன்று வருடமாக அவள் செய்த ஹெட்களில் எல்லாம் ஏழு என்றுதான் அடித்தார்கள். ஏழு, இளம்பரிதியின் நம்பர். பட்டறையில் அவர்தான் மூத்த ஆள்.

பட்டறை இருப்பது நெய்வேலி ஆர்ச் கேட்டைத் தாண்டிப் பண்ருட்டி போகும் சாலையில். சாம்பல் லாரிகளும் நிலக்கரி லாரிகளும் நாள் முழுக்கப் போய்க்கொண்டிருக்கிற சாலை என்பதால் ஹெட்டுக்குப் பஞ்சமில்லை. தமிழ்மொழி முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். வீட்டில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்குத் தாலுகா அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்து வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழ் இன்றும் அவளுடைய பையில் இருக்கிறது. அம்மா, பெரியம்மா, தாத்தா என்று ஒருவரும் பட்டம் படிக்கவில்லை என்பதை நிரூபித்தால்தான் அந்தக் காகிதம் கிடைக்கும். நிரூபிப்பதில் அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை.

கம்ப்யூட்டரில் பில் போடத்தான் அவளை ராமலிங்கம் எடுத்தார். இரண்டே மாதத்தில் மைக்ரோமீட்டர் அவள் கைக்கு வந்துவிட்டது. அவள் அளந்தால் அளவு தப்பாது என்பதைப் பட்டறையில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வால்வு தேய்ப்பது, வால்வு உட்காரும் சீட்டை வெட்டுவது என்று ஒவ்வொன்றாக வேலை அவள் பக்கம் நகர்ந்தது. நம்பர் மட்டும் நகரவில்லை. கேட்டபோதெல்லாம் ராமலிங்கம் சொன்னது ஒன்றுதான்.

"அவசரம் என்னம்மா? நம்பர்னா பொறுப்பு. கஸ்டமர் வந்து கத்துவான். பொம்பளப் புள்ளைய முன்னால நிக்க வைக்க முடியுமா?"

அம்மா மாணிக்கம்மாள் காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைக்கிறவர். தோலின் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்திருக்கும். நம்பர் விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

"எனக்கு எழுதத் தெரியாது. ஆனா நான் ஒடச்ச கொட்டைக்கு என் ரேகயத்தான் வைக்கிறேன். நீ இன்ஜினியருக்குப் படிச்சிட்டு எவன் நம்பரையோ வச்சிக்கினு வர்ற. நல்லா கீது போ."

அந்தச் சிரிப்பு தமிழ்மொழியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

இந்த நிலையில்தான் ஹரியின் கார் வந்தது. ஹரி டவுன்ஷிப்பில் வளர்ந்தவன், அப்பா ஓய்வு பெற்ற அதிகாரி. பெங்களூரில் வேலை. டர்போ வைத்த வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக அதன் இன்ஜினை முறுக்கேற்றி வைத்திருந்தான். சூடேறி ஹெட் விரிசல் விட்டுவிட்டது. புது ஹெட் வர நான்கு மாதம் ஆகும் என்றார்களாம். அவனோ அடுத்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை சென்னைப் பக்கம் நடக்கும் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டான்.

ஆகவே பாகங்களை அங்கங்கே பொறுக்கிக்கொண்டு வந்திருந்தான். ஹெட், அதே வகைக் கார் ஒன்று விபத்தில் நொறுங்கியதிலிருந்து கழற்றியது. உள்வால்வுகள் அதைவிடச் சக்தி குறைந்த இன்னொரு மாடலுடையவை. வால்வு ஸ்பிரிங் எங்கிருந்தோ தபாலில் வந்தது. கேம் ஷாஃப்டுகள் மட்டும் அவனுடைய பழைய இன்ஜினில் இருந்தவை.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் கேப்புகளில் இருந்தது. வால்வுகளைத் தட்டித் திறக்கும் கேம் ஷாஃப்ட் இரண்டையும் மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் மூடிகள்தான் கேப்புகள். மொத்தம் பத்து. தொழிற்சாலையில் கேப்புகளை ஹெட்டில் முடுக்கிய பிறகுதான் துளை போடுவார்கள். அதனால் ஒவ்வொரு கேப்பும் அந்த ஹெட்டில் அந்த இடத்துக்கு மட்டுமே பொருந்தும். ஹரி வாங்கிய ஹெட்டுக்கு உரிய கேப்புகள் தொலைந்துபோயிருந்தன. அவன் விரிசல் விட்ட ஹெட்டின் கேப்புகளைக் கொண்டுவந்திருந்தான். அவற்றை இதில் வைத்து முடுக்கினால் கையால் திருப்ப ஷாஃப்ட் அசையவே அசையாது.

"முடியாதுன்னு சொல்லி அனுப்பிருவோம் மொதலாளி" என்றார் இளம்பரிதி.

"முடியும்" என்றாள் தமிழ்மொழி.

ஹரி அவளைப் பார்க்காமல் இளம்பரிதியைப் பார்த்தே கேட்டான். "எப்படி முடியும்?"

அவள்தான் பதில் சொன்னாள். பத்துக் கேப்பையும் பத்து இடத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது. எது எங்கே கிட்டத்தட்டப் பொருந்துகிறதோ அதை அங்கேயே வைத்துக்கொண்டு மீதியைத் தேய்த்துச் சரி செய்வது. ராமலிங்கம் தாடையைச் சொறிந்தார். பிறகு அவளைத் தனியே கூப்பிட்டார்.

"இந்த ஹெட்டு நல்லபடியா முடியட்டும். உனக்கு நம்பர் போட்ரலாம்."

அதை அவர் சிரிக்காமல் சொன்னார். அவள் நம்பினாள்.

பன்னிரண்டு நாள் அந்த வேலை நடந்தது. கேப்பை வைத்து அளவாக முடுக்க வேண்டும், இடைவெளியை அளக்க உள்ளே வைத்த மெழுகு நூல் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், கழற்ற வேண்டும், நோட்டில் எழுத வேண்டும், அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். நூறு அளவுகள். பிறகு பழைய ஷாஃப்ட் ஒன்றில் தேய்ப்புப் பசையைத் தடவிக் கையாலேயே சுற்றிச் சுற்றி, நீல மை எங்கே ஒட்டுகிறது என்று பார்த்துச் சுரண்டி, மறுபடி சுற்றி... பதினோராம் நாள் மாலையில் இரண்டு விரலால் தட்டியதும் ஷாஃப்ட் தானாக ஒன்றரைச் சுற்று சுற்றி நின்றது. தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது. அவள் அதை இன்னொரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

கேப்புகளின் முதுகில் ஒன்றிலிருந்து பத்து வரை தொழிற்சாலையில் வார்த்த எண்கள் இருந்தன. இப்போது அந்த எண்களுக்கு அர்த்தமில்லை. மூன்றாம் கேப் எட்டாம் இடத்தில் இருந்தது; எட்டு முதல் இடத்துக்குப் போயிருந்தது. பழைய எண்களை அராவிவிட்டுப் புது எண் அடிக்க வேண்டும். பஞ்ச் பெட்டி பூட்டிக் கிடந்தது. அதன் சாவியைக் கேட்க அவளிடம் நம்பர் இல்லை. கூர்முனை உள்ள சென்டர் பஞ்ச்சை வைத்து, கேப்பின் ஓரத்திலும் அது உட்காரும் இடத்திலும் புள்ளிகள் வைத்தாள். முதல் இடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாம் இடத்துக்கு இரண்டு.

அரம் கையில்தான் இருந்தது. பழைய எண்களையாவது அராவியிருக்கலாம். எடுத்தாள், மூன்று என்ற எண்ணின் மேல் வைத்தாள், ஏனோ கை போகவில்லை. கம்பெனி வார்த்த எண். ஏதோ நாட்டில் ஏதோ பெரிய இன்ஜினியர் வரைந்து வார்த்த எண்ணை முத்தாண்டிக்குப்பத்துப் பெண் அராவுவதா? அரத்தைக் கீழே வைத்துவிட்டாள். அந்த நேரத்தில் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. கடலூரில் அவளுக்கு வேலைக்கான ஓர் எழுத்துத் தேர்வு இருந்தது. கேப்புகளை முட்டை அட்டையில் வரிசையாக அடுக்கி, 'இந்த வரிசை மாறக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதி மேலே வைத்துவிட்டுப் போனாள். திங்கள்கிழமை ஹெட்டைத் தானே இன்ஜினில் பூட்டிக்கொள்வதாக ராமலிங்கத்திடமும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் வந்தபோது இன்ஜின் காருக்குள் இருந்தது. ஹெட் பூட்டியாகிவிட்டது. ஹரி அவசரப்படுத்தினானாம், ஞாயிற்றுக்கிழமையே இளம்பரிதி பூட்டிவிட்டாராம். தமிழ்மொழியின் கண் முதலில் போனது ஹெட்டின் பக்கவாட்டுக்கு. பளிச்சென்று, புத்தம் புதிதாக, ஏழு.

பன்னிரண்டு நாளின் தோள்வலி அந்த ஒரு எண்ணைப் பார்த்ததும் திரும்ப வந்தது. அவள் வாயைத் திறக்கும் முன்பே ஹரி சாவியைத் திருப்பிவிட்டான்.

இன்ஜின் பிடித்தது. ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது. உள்ளே எங்கேயோ பூனையை மிதித்ததுபோல ஒரு கீச்சொலி. பிறகு கருகல் வாடை. தமிழ்மொழி ஓடிப்போய்க் கதவுக்குள் கையை விட்டுத் தானே சாவியைத் திருப்பி அணைத்தாள். இன்னும் அரை நிமிஷம் விட்டிருந்தால் ஷாஃப்டைச் சுற்றும் பெல்ட் பல் தாண்டிப் பதினாறு வால்வும் பிஸ்டனில் மோதி வளைந்திருக்கும்.

ஹெட்டின் மேல்மூடியையும் கேப்புகளையும் கழற்றிப் பார்த்தார்கள். எட்டாம் இடத்தில் ஷாஃப்ட் நீலம் பாய்ந்து கோடு விழுந்திருந்தது. ராமலிங்கம் நேராகத் தமிழ்மொழியிடம் வந்தார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? கேப்ப எல்லாம் மாத்தி மாத்தி வச்சிருந்தியாமே. பரிதி பாத்து சரி பண்ணியும் இந்தக் கதி."

"சரி பண்ணாரா?"

"பின்ன என்னா?" என்றார் இளம்பரிதி. அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "மூணு இருக்க வேண்டிய எடத்துல எதையோ வச்சிக்கினு, மொத எடத்துல எட்ட வச்சிக்கினு. இதுல 'வரிசை மாறக் கூடாது'ன்னு சீட்டு வேற. மாத்தி வச்சுப் பாக்கறது அளவுக்குத்தான், பூட்றது கம்பெனி நம்பர்படிதானே? பரிச்ச பயத்துல கொழம்பிட்டியோன்னு நெனச்சேன். மொதலாளி காதுக்குப் போவ வேணாம்னு நானே ஒன்னு ரெண்டு மூணுன்னு அடுக்கிப் பூட்னேன். உனக்கு நல்லது பண்ணப் போயி எனக்குப் பொல்லாப்பு."

"அது கொழப்பம் இல்லண்ணா. அதான் வரிசை. ஓரத்துல புள்ளி வச்சிருந்தேனே, பாக்கலையா?"

"ஏதோ பழைய அடையாளம்னு வுட்டுட்டேன்."

"பூட்டும்போது ஷாஃப்ட் இறுக்கமா இல்ல?"

"ஸ்பிரிங் புதுசு. ஓட ஓட எளகும்னு நெனச்சேன்."

"புள்ளியாம்" என்றார் ராமலிங்கம். "கம்பெனிக்காரன் நம்பர் போட்டு வச்சிருக்கான். இவ புள்ளி வச்சாளாம், கோலம் போடற மாதிரி."

யாரோ சிரித்தார்கள். ஹரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான். "சார், யாரு தப்புன்னு எனக்குத் தேவையில்ல. சண்டே வண்டி ட்ராக்ல நிக்கணும். படிச்சு முடிச்சவுடனே எக்ஸ்பெரிமென்ட் பண்றதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

அவர்கள் எல்லோரும் அவ்வளவு உறுதியாக நின்றதில் தமிழ்மொழிக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. நூறு அளவில் ஒன்று தப்பியிருக்குமோ? கையில் பசை ஒட்டியிருந்தபோது எழுதியதில் ஆறும் எட்டும் மாறியிருக்குமோ? தன் மீதே சந்தேகப்படுவது அவளுக்குப் பழகிய வேலை. கல்லூரியில் விடை தெரிந்தும் கை தூக்காமல் உட்கார்ந்திருந்த நாட்கள் அத்தனையும் அந்தச் சந்தேகத்துக்குப் போனவைதான். பிறகு புத்தம் புதிதாக அடித்திருந்த அந்த ஏழு என்ற எண்ணை மறுபடியும் பார்த்தாள். அவளுக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. அந்தக் கோபத்தில் சந்தேகம் கரைந்துபோனது.

"ஹெட்ட எறக்குங்க" என்றாள். "மத்தியானத்துக்குள்ள காட்டறேன்."

இறக்கினார்கள். ஸ்பிரிங்கின் அழுத்தம் ஷாஃப்டில் படாதபடி, அதற்கும் வால்வுக்கும் இடையில் இருக்கும் டாப்பெட்களை எடுத்து வைத்தாள். கோடு விழுந்த இடத்தைப் பொடி எமரித் தாளால் தேய்த்துத் துடைத்தாள். பிறகு எல்லோரையும் மேசையைச் சுற்றி நிற்கச் சொன்னாள்.

"மொதல்ல நீங்க பூட்ன மாதிரி பூட்டுங்கண்ணா."

இளம்பரிதி தொழிற்சாலை எண்களின்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்து முறுக்களவு காட்டும் டார்க் ரெஞ்சால் அளவாக முடுக்கினார். ஆறாம் கேப்பிலேயே ஷாஃப்ட் இறுகியது. எட்டில் அப்படியே நின்றுவிட்டது. ஹரி இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். அசையவில்லை.

"கழட்டுங்க. இப்ப புள்ளிக்குப் புள்ளி."

எண்கள் தாறுமாறாகக் கிடந்தன. எட்டு, ஐந்து, பத்து, இரண்டு... இளம்பரிதி ஒவ்வொரு கேப்பையும் வெளிச்சத்தில் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் புள்ளியை எண்ணி வைத்தார். முடுக்கி முடித்ததும் தமிழ்மொழி ஹரியைப் பார்த்தாள்.

"ரெண்டு வெரல் போதும்."

அவன் தட்டினான். ஷாஃப்ட் சுற்றியது. கோடு விழுந்த இடத்தில் மட்டும் லேசாக உரசியது. அதைச் சரிசெய்வது அரை நாள் வேலை. ஹரி இன்னொரு முறை தட்டினான். இளம்பரிதி துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை சுத்தமான பிறகும்.

ராமலிங்கம்தான் முதலில் பேசினார். "சரி, சரி. தப்பு ரெண்டு பக்கமும் இருக்கு. பழைய நம்பர அராவியிருக்கணும்ல நீ? அராவியிருந்தா பரிதிக்கு ஏன் இந்தக் கொழப்பம் வரப்போவுது?"

அதுதான் தமிழ்மொழியைச் சுட்டது. ஏனென்றால் அது உண்மை. அரத்தை எடுத்துவிட்டுக் கீழே வைத்தது அவள்தான்.

"அராவியிருக்கணும் சார். அது என் தப்பு, ஒத்துக்கறேன்" என்றாள். "பழச அராவுனா புதுசு அடிக்கணும். பஞ்சு உங்க டிராயர்ல பூட்டியிருக்கு. எனக்கு நம்பர் இல்ல, சாவி கெடைக்காது. அத வுடுங்க. ஒன்னு மட்டும் சொல்லுங்க. இந்த ஹெட்டுல யார் நம்பர் அடிச்சிருக்கு?"

இளம்பரிதியின் கண் ஹெட்டின் பக்கவாட்டுக்குப் போய்த் திரும்பியது.

"ஏழு. உங்க சட்டப்படி இது கெட்டா ஏழக் கேக்கணும். காலையில வண்டி நின்னதும் ஏன் நேரா எங்கிட்ட வந்தீங்க? மூணு வருசமா நான் செஞ்சு ஓடுன ஹெட்டெல்லாம் ஏழு. நின்ன ஹெட்டு மட்டும் எப்படி சார் தமிழ்மொழி?"

"இப்ப அதெல்லாம் எதுக்கு? கஸ்டமர் முன்னால..."

"கஸ்டமர் முன்னாலதானே சார் கோலம்னு சொன்னீங்க?"

ராமலிங்கம் காதை நெருடினார். "மொதல்ல வேலைய முடி. நம்பர பொறகு பாத்துக்கலாம்."

பொறகு. மூன்று வருடமாக அவள் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன சொல். அவள் ரெஞ்சை மேசைமேல் வைத்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலில் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தாள். சோற்றை மென்றுகொண்டிருந்தாள். இந்த வேலை போய்விட்டால் அம்மாவிடம் என்ன சொல்வது என்ற எண்ணம் வந்தது. கடலூரில் எழுதிய தேர்வில் முப்பதாயிரம் பேராவது எழுதியிருப்பார்கள். எழுந்து உள்ளே போய்விடலாமா? போகலாம். போனால் அடுத்த மூன்று வருடமும் ஏழுதான். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி மென்றாள்.

உள்ளே ஹரியின் குரல் கேட்டது. "சார், அவங்க செய்யலன்னா வேற யாருக்கு அந்தப் புள்ளி புரியும்?" அவளை அவன் 'அவங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதுகூட அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஷாஃப்ட் சுற்றினால்தான் மரியாதையா?

சிறிது நேரத்தில் ராமலிங்கம் வெளியே வந்தார். சாவியை நீட்டினார். முகத்தை மட்டும் சாலைப் பக்கம் வைத்துக்கொண்டார்.

"பன்னண்டு. போய் எடுத்துக்க."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து முதலில் அரத்தை எடுத்தாள். பத்துக் கேப்பின் முதுகிலும் இருந்த தொழிற்சாலை எண்களை அராவினாள். அலுமினியப் பொடி மேசையில் உதிர்ந்தது. இந்த முறை கை நிற்கவில்லை. இளம்பரிதி எதிரில் நின்று, ஒவ்வொரு கேப்பையும் கையில் எடுத்துக் கொடுத்தார்.

"இது எங்கம்மா போவும்?"

"நாலு புள்ளி. நாலாம் எடம்ணா." அவள் நான்கு என்று அடித்தாள்.

மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் பூட்டியாகிவிட்டது. கடைசியாக ஹெட்டின் பக்கவாட்டில், ஏழுக்குப் பக்கத்தில், ஒன்றை வைத்து ஓர் அடி, இரண்டை வைத்து ஓர் அடி. இளம்பரிதி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அந்த ஏழ கோடு போட்டு அடிச்சிடேன். பாக்கறவன் என்னா நெனப்பான்?"

"இருக்கட்டும்ணா. நீங்களும் இதுல வேல பாத்தீங்கல்ல?"

அவருக்கு அது உறைத்தது. அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பாவம் என்று தமிழ்மொழிக்குத் தோன்றியது, ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறத் தோன்றவில்லை.

இன்ஜின் கீச்சொலியின்றி ஓடியது. ஹரி முற்றத்திலேயே கால்மணி நேரம் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, ராமலிங்கத்தின் கையைக் குலுக்கினான். ராமலிங்கத்தின் கையை. தமிழ்மொழி அதை உள்ளிருந்து பார்த்தாள். பிறகு திரும்பி அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

மேசையில் ஒரு சாம்பல் லாரியின் ஹெட் வந்து கிடந்தது. ஒழுகவில்லை, கெடவில்லை, இரண்டு வருடம் நன்றாக ஓடி, வால்வு தேய்க்கும் பருவம் வந்ததால் திரும்பி வந்திருந்தது. கரியைத் துடைத்தாள். சீட்டை வெட்டியிருந்த விதம் அவளுக்குத் தெரிந்தது. ஓரத்தில் மிச்சம் வைத்து வெட்டுவது அவள் பழக்கம். பக்கவாட்டைத் துடைத்தாள். ஏழு.

எண் அடிக்கும் பஞ்ச்கள் இன்னும் சட்டைப் பையில்தான் இருந்தன. எடுத்தாள். ஏழுக்குப் பக்கத்தில் இரண்டு அடி.

உள்ளறையிலிருந்து ராமலிங்கம் கேட்டார். "இன்னும் என்னம்மா அடிக்கிற?"

"பழைய வேலை சார்" என்றாள் தமிழ்மொழி. "இப்பதான் வந்திருக்கு."